கேமரன் மலையில் ஒரு திருத்தம்

"மேலே போனா சூரியனுக்குப் பக்கமாத்தானே போறோம்? அப்புறம் ஏன் அக்கா கேமரன் மலை குளிருது?"

காலை நிகழ்ச்சியில் ஒரு சிறுமி கேட்டாள். அடுத்த பாடலுக்கு 40 விநாடிதான் இருந்தது. "வாயை அகலமாத் திறந்து ஊதினா சூடு, குவிச்சு ஊதினா குளிர்ச்சி. காத்து விரிஞ்சா குளிரும்மா" என்று சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டேன். உடனே ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் அழைத்தார். விரிந்தால் குளிரும் என்பது சரியாம், உதாரணம்தான் தப்பாம். குவித்து ஊதும்போது காற்று வேகமாகப் போய் அறைக் காற்றையும் இழுத்துக்கொள்கிறது, குளிர்ச்சி அதனால்தான். "பிள்ளைங்க கேக்குற நிகழ்ச்சி, பார்த்துச் சொல்லுங்க" என்றார். அன்று முழுக்க முகம் சுண்டியே இருந்தது.

சனிக்கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாக மலையேறினேன். அப்பா 22 ஆண்டுகள் கேமரன் மலைக் காய்கறி லோரி ஓட்டியவர். தாப்பாவில் கார் காட்டிய வெப்பநிலை 33 டிகிரி. லாத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சி தாண்டியதும் காது அடைத்தது. பின் சீட்டில் கிடந்த கெரோப்போக் பாக்கெட் தலையணை மாதிரி உப்பத் தொடங்கியது.

உயரே போகப் போக மேலிருந்து அழுத்தும் காற்று குறைகிறது. 1,400 மீட்டருக்கு மேலுள்ள தானா ராத்தாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. அடிவாரத்தில் சூடேறிய காற்று மேலெழும்போது, பாக்கெட்டைப் போலவே விரிகிறது. விரிய வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். அந்த உழைப்புக்கான சக்தியை வெளியிலிருந்து யாரும் கொடுப்பதில்லை. தன் கைச்சூட்டைத்தான் செலவழிக்கிறது. பாடநூல் இதை வெப்பப் பரிமாற்றமில்லா விரிவு என்கிறது. ஈரம் படியாத காற்று 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 டிகிரி குளிரும். சூரியனோ 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நம் ஒன்றரைக் கிலோமீட்டர் அதற்கு ஒரு கணக்கா?

பாக்கெட் மட்டும் ஏன் சில்லிடவில்லை என்று நானே குழம்பினேன். அது மெல்ல மெல்ல உப்புகிறது. இழந்த சூட்டைக் காருக்குள்ளிருந்தே வாங்கிக்கொள்கிறது. மேலெழும் பெரிய காற்றுத் திரளுக்கு அந்த வசதி இல்லை.

ரிங்லெட்டில் தேநீருக்கு நிறுத்தியபோது இதையெல்லாம் அப்பாவிடம் கொட்டினேன். அவர் குனிந்து முன் டயரின் வால்வு ஊசியை அழுத்தினார். "விரலை வைம்மா." சில்லென்று இருந்தது. "டீசல் லோரிக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, தெரியுமா? காத்தை இறுக்கி அமுக்கினா அதுவே கொதிச்சுப் போய் டீசல் பத்திக்கும். நீ சொல்றது அதுக்குத் தலைகீழ், அவ்வளவுதான்." இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்து இதை நான் அவரிடம் கேட்டதே இல்லை. (டயருக்குக் காற்றடிக்கப் பிறகு எண்ணெய் நிலையம் தேட வேண்டியிருந்தது, அது வேறு கதை.)

தானா ராத்தாவில் 22 டிகிரி. பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீட்டருக்குச் சற்று மேலே. அங்கே மேகமே சாலையில் இறங்கியிருந்தது. குளிர்ந்த காற்றால் நீராவியைத் தாங்க முடியாமல் துளியாகிறது. துளியாகும்போது நீராவி தன் வெப்பத்தை விட்டுவிடுவதால், மேகத்துக்குள் காற்று குளிரும் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. 1929இல் இங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதிலிருந்து நம்மவர்கள் கொழுந்து கிள்ளியது இந்தப் பனியில்தான். அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சியில் தண்ணீரைக் குடித்து முடித்து மூடிய போத்தல், தாப்பா வந்தபோது நசுங்கிக் கிடந்தது. அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் பாடலுக்கு முன், "போன வாரம் நான் தப்பான உதாரணம் சொன்னேன்" என்று தொடங்கி, மைக்கருகே போத்தல் மூடியைத் திறந்தேன். 'படக்' என்று அது நிமிர்ந்த சத்தம் நன்றாகவே கேட்டது. பத்து நிமிடத்தில் அதே சிறுமியின் குரல்பதிவு வந்தது: "அப்போ மலையிலிருந்து கீழே இறங்குற காத்து சூடாகுமா, அக்கா?"

ஆகும் என்றேன். டீசல் லோரிக் கதையையும் சொன்னேன். அந்த நாற்பது விநாடியும் போதவில்லை.