மூணு மணிக்கு யாரை எழுப்புவது?

சிறுசேரி, இரவு பத்தேகால். என் வேலை முடிந்துவிட்டது, கேப் வர நேரமிருக்கிறது. எதிர் மேசையில் இருவர். மேடத்துக்கு நாற்பத்தைந்து இருக்கும். பக்கத்தில், சேர்ந்து ஆறு மாதமான பையன்.

இங்குள்ள சர்வர்கள் ஹைதராபாத்தில் இருக்கும் மாற்று மையத்துக்கு ஓயாமல் நகலாகின்றன. நகல் பின்தங்கினால் அலாரம் அடிக்க வேண்டும். அதைத்தான் செட் பண்ணுகிறார்கள்.

பையன் அலாரப் பட்டியலில் இருந்த எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டிருந்தான்.

"எல்லாத்துக்கும் மெயிலாப்பா?"

"எதுவும் விட்டுடக் கூடாதுன்னுதான் மேடம்."

அவர் பேசாமல் தன் போனை அவன் பக்கம் நகர்த்தினார். போன வாரத்து எச்சரிக்கை மெயில்கள், திறக்காதவை 412. தள்ளிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது. செவ்வாய் அதிகாலை 3.10, பேமெண்ட் சர்வர், ஆர்.பி.ஓ. மீறல். இங்கே எல்லாம் போனாலும் கடைசி 15 நிமிடத்துக்கு மேல் எதையும் இழக்க மாட்டோம் என்பது அந்த சர்வருக்குக் கொடுத்திருந்த வாக்கு. அது தவறியிருக்கிறது. ஒருவரும் பார்க்கவில்லை. பையனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

பிறகு ஒவ்வொரு டிக்காக எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது அடிச்சா நீ எழுந்து என்ன செய்வ?" நகல் தொடங்கியது, முடிந்தது என்பவற்றுக்கு அவனிடம் பதிலில்லை, அவை பதிவேட்டோடு நின்றன. இரு மையங்களுக்கும் நடுவே இணைப்பு அறுந்தால், அங்கே டிஸ்க் நிரம்பினால், ஆர்.பி.ஓ. மீறினால்... இவற்றுக்குப் பதில் இருந்தது, டிக்கும் இருந்தது. இரவு பேக்கப் ஓடும்போது மற்ற சர்வர்கள் கொஞ்சம் பின்தங்கும். அவற்றுக்கு இரண்டாம் முறை மீறினால்தான் மணி. பேமெண்டுக்கு உடனே.

"மெயில் எது வழியா போகுது?"

"நம்ம மெயில் சர்வர்..." என்றவன் பாதியில் நிறுத்தினான். அந்த சர்வர் இருப்பது இதே கட்டடத்தில், கீழ்த்தளத்தில். கட்டடமே இருண்டால், இருண்டுவிட்டது என்று சொல்ல வேண்டிய மெயிலும் இங்கேயே கிடக்கும். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை நாள் இதே தளத்தில் இருந்தும் எனக்கு இது தோன்றியதில்லை.

அதே அலாரங்களை ஹைதராபாத் பக்கத்திலிருந்தும் போட்டார்கள். அலாரம் அடித்தால் அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் ஐந்து பேர், ஐவரும் சென்னை.

"2015 டிசம்பர்ல ரெண்டு நாள் எனக்கு போனே எடுக்கல. கரண்ட் இல்ல, டவர் இல்ல" என்றார். வெள்ளம் கொண்டுவந்த அந்த டிசம்பர் 1 மழைக்கு மறுநாள் தி இந்து நாளிதழே சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்களால் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. பையன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். ஒன்றும் கேட்காமல் ஆறாவதாக ஹைதராபாத் டியூட்டி எண்ணைச் சேர்த்தான். பிறகு அதையே இழுத்து முதலில் வைத்தான்.

சோதனை சர்வர் ஒன்றின் நகல் இணைப்பை அறுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அதற்கு ஆர்.பி.ஓ. 5 நிமிடம். பையன் போனை மேசை நடுவில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாவது நிமிடம் அது அதிர்ந்தது.

"சார், அலாரம் வந்திருக்கு, பார்த்தீங்களா?" ஹைதராபாத் குரல், ஆங்கிலத்தில்.

இங்கே மெயில் இன்னும் வரவில்லை.

என் கேப் வந்துவிட்டது. பையை எடுத்தபோது அவன் இணைப்பைத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"கிளம்பலாமா மேடம்?"

"சரியாயிடுச்சுன்னு ஒரு மெயில் வரணும்ல. அதையும் பாத்துட்டுப் போலாம்ப்பா."