சரக்கெனச் சென்றவன்

உவப்பின் மிகுதியால் அஃறிணைப் பொருளை உயர்திணையாகச் சொல்வதைத் திணை வழுவமைதி என்று ஏற்றுக்கொண்டது நம் இலக்கணம். பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பவனை அது திருத்துவதில்லை. அந்தத் துணிவிலேயே எங்கள் மணியை இங்கே ‘அவன்’ என்று எழுதுகிறோம்.

2012ஆம் ஆண்டின் மழையிரவு ஒன்றில், சென்னையில் எங்கள் மாடிப்படியின் கீழ் ஒதுங்கிய தெருநாய்க் குட்டி அவன். மழை விட்டது, அவன் போகவில்லை. 2023இல் இங்கிலாந்தில் வேலை கிடைத்து, கணவன் மனைவி இருவரும் குடிபெயர்வது என்று முடிவானபோது, உற்றார் கேட்ட முதற்கேள்வி, “மணியை யாரிடம் விடப்போகிறீர்கள்?” என்பதே. விட்டுச் செல்வதில் அவர்களுக்கு ஐயமில்லை. யாரிடம் என்பதே வினா.

அவ்வாறு விட்டுச் சென்ற பெரியவர் ஒருவரை நாங்கள் அறிவோம். 1980களில் இலண்டன் சென்றவர் அவர். வெளிநாட்டு நாய் அக்காலத்தில் ஆறு திங்கள் தனிக்காவலில் அடைபட்ட பின்னரே அந்நாட்டில் வெளியே நடமாடலாம். 2000 முதல் சில நாடுகளுக்குத் தளர்ந்த அவ்விதி, இந்திய நாய்களுக்கு 2012இல்தான் தளர்ந்தது. பெரியவர் அதற்கு அஞ்சி, நாயை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்தார். பின்னர் ஊருக்கு எழுதிய கடிதங்களில் அதைப் பற்றி ஒருமுறையும் விசாரிக்கவில்லையாம். “என்ன பதில் வரும் என்று அறிவேன், அதனால் கேட்கவில்லை” என்றார். அன்றிரவே எங்கள் முடிவு உறுதியாயிற்று.

முடிவு எளிது, முறை கடினம். வெறிநாய்க்கடி நோய் இந்தியாவில் இன்னும் ஒழியவில்லையாதலின், சட்டம் கண்டிப்பானது. அரிசிமணி அளவான மின்சில்லு ஒன்றைக் கழுத்துத் தோலின் கீழ்ச் செலுத்துகிறார்கள். அதற்கு 15 இலக்க எண் உண்டு. சில்லு வைப்பதற்கு முன் போட்ட தடுப்பூசி கணக்கில் சேராது. ஆண்டுதோறும் தவறாது நாங்கள் போட்டுவந்த ஊசிகள் அத்தனையும் ஒரே நொடியில் இல்லாதவையாயின! மீண்டும் ஊசி, 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதில் தேறினால், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று திங்கள் காத்திருப்பு.

வேலை அதுவரை காத்திராது. எங்களில் ஒருவர் முன்னே சென்றார். மற்றவர் மணியுடன் தங்கினார். மணமான நாள்முதல் அத்தனை நீண்ட பிரிவை நாங்கள் அறிந்ததில்லை. தொலைபேசியில் பூசல்களும் எழுந்தன. “ஒரு நாய்க்காகவா இதெல்லாம்?” என்ற சொல் எங்களில் ஒருவர் வாயிலிருந்து வந்தேவிட்டது. யார் வாயிலிருந்து என்பதை இங்கே எழுதமாட்டோம்.

இதற்கிடையில் கூண்டுப் பழக்கம். தலை இடியாமல் நிற்கவும் திரும்பிப் படுக்கவும் இடமுள்ள கூண்டு ஒன்றை வாங்கி, அதனுள்ளேயே அவனுக்குச் சோறு வைத்தோம். முதலில் பின்னங்கால்களை வெளியே ஊன்றியபடி, கழுத்தை மட்டும் நீட்டி உண்டான். நாளடைவில் முழுவதும் உள்ளே போனான். மயக்கமருந்து வானில் ஆபத்து என்று மருத்துவர் மறுத்துவிட்டார். கிழட்டு இதயம் தாங்குமா என்று கேட்டதற்கு அவர் தெளிவாக விடை சொல்லவில்லை.

இந்தியாவிலிருந்து அந்நாட்டுக்குப் போகும் நாய் பயணியோடு செல்ல இயலாது, சரக்காகவே செல்லவேண்டும். தாள்களிலும் அவ்வாறே பதிந்தார்கள். கூண்டின் கதவை மூடியபோது அவன் குரைக்கவில்லை, வாலை ஆட்டினான். சோறு வரும் என்று எண்ணினான் போலும். குரைத்திருந்தாலாவது எங்கள் மனம் ஓரளவு ஆறியிருக்கும். அவனுடைய இசைவை நாங்கள் கேட்டுப் பெறவில்லை; சோற்றைக் காட்டித் திருடினோம்.

ஹீத்ரோவில் சோதனைகள் முடிந்து அவன் வெளிவரப் பல மணி நேரமாயிற்று. உயிரோடு வந்தான். உடன் பயணம் செய்தவரின் கையை முகர்ந்தான். ஐந்து திங்களாகக் காணாதவரைச் சற்று நேரம் பார்த்தான். பின் முகத்தைத் திருப்பிக்கொண்டு புல்தரைப் பக்கம் நடந்தான். மூன்றாம் நாள்தான் அவர் மடியில் தலை வைத்தான்.

புது வீட்டில் அவனுக்கென்று மெத்தை வாங்கிப் போட்டோம். அவன் அதைச் சீண்டவில்லை. எங்கள் கண்ணிலேயே படாதிருக்கட்டும் என்று பின்கட்டில் தள்ளிய கூண்டைத் தேடிச் சென்று படுத்தான். இப்போது அதன் கதவைக் கழற்றிவிட்டோம். இரவில் அதனுள்ளேதான் உறங்குகிறான், பின்னங்கால்களை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு.