கோச்சி வராத ஊரிலிருந்து

எங்கள் ஆரையம்பதிக்குக் கோச்சி இல்லை. 1928இல் மட்டக்களப்பு வரை வந்த தண்டவாளம் அங்கேயே முடிந்துவிட்டது. கொழும்பிலிருந்து இரவுக் கோச்சியில் வருகிறவர்களும் விடிந்ததும் பஸ் ஏறி, கல்லடிப் பாலம் கடந்துதான் ஊருக்குள் வர வேண்டும்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்குக் காத்திருந்த நாட்களில், காக்கா கட்டாருக்குப் போகும்போது விட்டுச்சென்ற மடிக்கணினியில் 'ஓபன் ரெயில்ஸ்' என்ற மென்பொருளை இறக்கினேன். இலவசமானது. திரையில் கோச்சி ஓட்டலாம். 2001இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட ட்ரெயின் சிமுலேட்டருக்காகச் செய்த பாதைகளும் இதில் ஓடும். எனக்கோ ஓட்டுவதைவிடப் பாதை அமைப்பதில்தான் ஆசை வந்தது. அதற்கு டிஎஸ்ஆர்ஈ என்று தனியாக ஒரு மென்பொருள் உண்டு. உம்மாவுக்கு மின்சாரப் பட்டியலை நினைத்துத்தான் கவலை.

முதல் வேலையாக மட்டக்களப்பிலிருந்து எங்களூருக்குத் தண்டவாளம் போடப் புறப்பட்டேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலம். பஸ்ஸைப் போலக் கோச்சி சட்டென்று திரும்பாது. அகன்ற வளைவு வேண்டும். காத்தான்குடி தாண்டி வளைத்து இழுத்துக்கொண்டு வந்தால், கோடு எங்கள் குசினிக்கும் கிணற்றுக்கும் மேலால் போனது. விளையாட்டுத்தான் என்றாலும் கை ஓடவில்லை. முழுவதையும் அழித்தேன்.

பிறகு, உள்ள பாதையையே போடலாம் என்று மட்டக்களப்பு – ஏறாவூர்த் துண்டை எடுத்தேன். இதில் நிலம் சதுரம் சதுரமாக வரும். ஒரு சதுரத்தின் பக்கம் 2048 மீற்றர். நிலத்தின் உயரத்துக்கு, 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ராடாரால் அளந்த தரவுகளை இறக்கிக்கொண்டேன். அந்த நிலத்தின் மேலேயே தண்டவாளத்தைப் படுக்கவைத்தேன். அதுதான் பிழை. ராடார் மரத்தலைகளையும் சேர்த்தே அளந்திருக்கிறது. தென்னந்தோப்பெல்லாம் மேடாகிவிட்டது. கோச்சி ஏறி ஏறி விழுந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த மூத்தப்பா சிரித்தார்.

"இது கோச்சியா புள்ள, தோணியா?"

காத்தான்குடிக் கைத்தறிச் சாரன்களைக் கட்டாகக் கட்டி மெயில் கோச்சியில் புறக்கோட்டைக்குக் கொண்டுபோய் விற்றவர் அவர். இப்போது முழங்கால் விடுவதில்லை. கண்ணும் மங்கல்.

தொடங்க விரும்பும் தோழியருக்கு இரண்டு விசயம் சொல்கிறேன். தண்டவாளத்தை முதலில் அதன் சரிவுக்கேற்பப் போட்டுவிட்டு, நிலத்தை அதற்கு ஏற்றி இறக்குங்கள். உண்மையில் பாதை கட்டியவர்களும் அணைகட்டி, மேடு வெட்டி அப்படித்தான் செய்தார்கள். மற்றது அகலம். மென்பொருளோடு பழக்கத்தில் வரும் தண்டவாளம் 1435 மில்லிமீற்றர். எங்கள் நாட்டுப் பாதை 1676, அதாவது ஐந்தரை அடி. இந்தியாவின் அகலப் பாதையும் அதே அளவு என்பதால் அதற்குச் செய்த துண்டுகள் நமக்கும் பொருந்தும். இதை அறியாமல் எட்டுச் சதுரம் போட்டு, திரும்பவும் கழற்றினேன்.

ஏறாவூர் முடிந்த அன்று மூத்தப்பாவைத் திரைக்கு முன்னால் இருத்தினேன். அவருக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ, காதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மன்னம்பிட்டிப் பாலம் எப்ப வரும்?"

அது மகாவலிக்கு மேல் உள்ள இரும்புப் பாலம். 2007இல் வாகனங்களுக்குப் புதிய பாலம் வரும்வரை, கோச்சியும் லொறியும் அதே பாலத்தால்தான் போய்வந்தன. ஏறாவூருக்கு அப்பால் வாழைச்சேனை, புணானை, வெலிகந்தை எல்லாம் தாண்ட வேண்டும். எனக்கு ஒரு சதுரம் முடிய இரண்டு நாளாகும். உயர்தர வகுப்பும் தொடங்கிவிட்டது.

"கொஞ்ச நாள் போகும் மூத்தப்பா."

"பரவாயில்ல. ஆனா பாலத்துல சத்தம் மாறும் மகள். இதே சத்தத்த அங்கயும் போட்டிராத."

கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக் காட்டினார். முதலில் மெதுவாக, பிறகு நெருக்கமாக, கடைசியில் உள்ளங்கையால். அதைப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். நேற்று வாழைச்சேனைக்கு முதல் சதுரத்தைத் திறந்தேன்.