இடித்த சுவரும் எழுப்பும் சித்திரமும்

எங்கள் பங்கில் பொது நூலகத்தின் தெருப்பக்கச் சுவர் நெடுங்காலமாகச் சுவரொட்டிகளுக்கு இரையாகிக் கிடந்தது. உடைந்த ஓட்டுச் சில்லுகளையும் பீங்கான் துண்டுகளையும் பதித்து, அதில் 'மொசைக்' சித்திரம் ஒன்று அமைக்க இளைஞர் விரும்பினர். வீட்டுக்கொரு சில்லு பெறுவது என்றும் முடிவாயிற்று. அன்று மாலையே ஒரு பெரியவர் என்னிடம் தனியே வந்தார். "சாமி, எங்க தெருச் சில்லை ஒரு பக்கமும், அவங்க தெருச் சில்லை மறுபக்கமும் வைச்சிட்டா யாருக்கும் மனக்கசப்பு வராதே?" என்றார். எனக்கு நாவெழவில்லை. மறுவாரம் அவரையும், இளைஞர் சிலரையும், எங்கள் கொத்தனாரையும் அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் புறப்பட்டேன்.

புகைவண்டி நிலையத்தருகே உள்ள திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கு முதலில் சென்றோம். 1907-இல் அர்ச்சிக்கப்பட்டு, 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட ஆலயம் அது. திரு இருதய பக்தியில் சிறந்த 28 புனிதர்களின் உருவங்கள் அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் விளங்குகின்றன. காலை வெயில் அவற்றின் வழியே தரையில் சிவப்பும் நீலமுமாக விழுந்தது. தனியே எடுத்தால் ஒரு கண்ணாடித் துண்டுக்கு முகமும் இல்லை, பொருளும் இல்லை. அடுத்த துண்டோடு சேர்ந்த பின்னரே அது ஒரு புனிதரின் கையாகிறது, கண்ணாகிறது.

அங்கிருந்து மிஷன் வீதிக்கு வந்தோம். அமலோற்பவ அன்னை பேராலயத்தை ஊரார் இன்றும் 'சம்பா கோவில்' என்றே அழைப்பர். புனித பவுலின் பிரெஞ்சுப் பெயரான 'சேன் போல்' மருவி அவ்வாறாயிற்று என்பர். இன்றுள்ள கோவில் 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன்னிருந்த கோவில் 1761-இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றியபோது அழிந்தது. அந்தப் பழைய கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்த சுவர் அது! 1745-இல் அவர்கள் குருக்களிடம் முறையிட, அச்சுவர் இடிக்கப்பட்டது. பின்னாளில் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை இதனைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். சுவர் போயிற்றே தவிர, பூசல் ஓயவில்லை.

பிரித்து நின்ற பகைமைச் சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று எபேசியருக்கு எழுதியவர் பவுலடியார். அவருடைய பெயர் தாங்கிய கோவிலுக்குள்ளேயே அப்படியொரு சுவர் நின்றது! இதை நான் சொன்னபோது பெரியவர் தலை நிமிரவில்லை. என் தலையும் நிமிரவில்லை. அந்தச் சுவரை எழுப்ப இடம் கொடுத்தவர்களும் என்னைப் போன்ற குருக்கள்தாமே!

மாலையில் கடற்கரையோரம் பழைய நகர்மன்றமான 'மேரி' கட்டடத்தைக் கண்டோம். 1870-71-இல் எழுந்த அந்த மாளிகை 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. அதே வடிவில் மீண்டும் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. "பூச்சு எவ்வளவு அழகா இருந்தாலும், உள்ளே ஈரம் ஏறினா சுவர் நிக்காது, சாமி" என்றார் கொத்தனார். அவர் கட்டடத்தைப் பற்றியே சொன்னார். நான் எங்கள் பங்கைப் பற்றி எண்ணிக்கொண்டேன்.

வழியில் இளைஞருக்கு நேக் சந்தின் கதையைச் சொன்னேன். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த அவர், பிறர் எறிந்த உடைந்த பீங்கானையும் வளையல் துண்டுகளையும் 1957 முதல் சேகரித்தார். யாருமறியாமல் காட்டுக்குள் ஓர் உலகையே சமைத்தார். 1976-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்தப் பாறைத் தோட்டத்தைக் காண இன்றும் கூட்டம் செல்கிறது. பார்சிலோனாவில் இறைப்பற்று மிக்க கட்டடக் கலைஞர் கௌடியும் உடைந்த ஓடுகளையே பூங்காவுக்கு அணிகலனாக்கினார். கழித்துப் போட்டதே மூலைக்கல்லாகும் என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன?

ஊர் திரும்பியதும் வேலை தொடங்கினோம். கொத்தனார் பழைய பூச்சைக் கொத்தியெடுத்து, ஈரம் போகக் காயவிட்டு, புதுக் காரை பூசினார். கரியால் ஒரு மரம் வரைந்தோம். பீங்கானைச் சாக்கில் சுற்றி உடைத்து, கூர்விளிம்புகளைத் தேய்த்தோம். முதலில் ஓரங்களைப் பதித்து, பின்பு நடுவை நிரப்பினோம். காய்ந்த பின் இடைவெளிகளில் வெள்ளை சிமெண்டைக் குழைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தோம். அந்த இடைவெளிக் காரை இல்லையேல் மழைநீர் புகுந்து சில்லுகள் உதிர்ந்துவிடும்.

சில்லுகளைத் தெருவாரியாகப் பிரிக்கவில்லை. ஒரே கூடையில் கொட்டினோம். மூன்றாம் நாள் அந்தப் பெரியவர் வந்தார். மறைந்த தம் மனைவியின் நீலத்தட்டு ஒன்றை, உடைந்தபடியே, அதே கூடையில் போட்டார். ஒன்றும் பேசாமல் திரும்பிச் சென்றார்.

சில வீடுகளிலிருந்து இன்னும் சில்லு வரவில்லை. மரத்தின் வேரருகே ஒரு முழ அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். கொத்தனார் கரணையைக் கழுவி வைத்துக் காத்திருக்கிறார். நானும் காத்திருக்கிறேன்.