அம்மாவின் கோதடி

எங்கள் கல்யாண் வீட்டில் பழைய சேலைகளைத் தூக்கி எறிவதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்த அம்மா, பக்கத்து வீட்டு மராத்திப் பெண்மணியிடம் கோதடி தைக்கக் கற்றார். நைந்த பருத்திச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரத்திலிருந்து நடு நோக்கி ஓடுதையல் போடுவார். குளிர்கால இரவுகளில் நாங்கள் போர்த்திக்கொண்டது அதைத்தான்.

ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் இக்கோதடியைத் 'துணியில் எழுதிய தன்வரலாறு' என்று குறித்திருந்தேன். ஒப்பீட்டுக்கு லூயிஸ் பூர்ஷ்வாவை எடுத்துக்கொண்டேன். 1911இல் பாரிசில் பிறந்த அவருடைய பெற்றோர், பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடும் பட்டறை நடத்தியவர்கள். 2002இல், 90 வயதில், தாம் சேமித்து வைத்திருந்த ஆடைகளையும் மணச்சீர்த் துணிகளையும் வெட்டித் தைத்து ஒரு துணிப் புத்தகம் செய்தார். 'மறதிக்கு ஒரு பாடல்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்பை அதற்கு இட்டார். நமக்கு அருகிலும் சான்று உண்டு. 2015இல் தாராவி பியனாலே கலைக்காட்சிக்காக அப்பகுதிப் பெண்கள், தங்கள் மீதான வன்முறையின் தடங்களைத் துணி வரைபடமாகத் தைத்தார்கள்.

சென்ற வாரம் இயலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோதடியின் நடுவிலுள்ள நீலத் துண்டைத் 'துயரத்தின் பதிவு' என்று எழுதியிருந்தேன். அப்பாவுக்கு வேலை போன நாளில் அம்மா அச்சேலையில் இருந்ததாக என் நினைவு. அம்மா இடைமறித்தார்.

"ஏட்டி, அது நான் முதமுதல்ல சம்பாதிச்சு வாங்கின சேலை. ஆசையா உடுத்தி உடுத்தியே கிழிஞ்சிது. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. பெண்ணின் துணி என்றாலே அதில் துயரத்தைத் தேடும் பழக்கம் எனக்கு வாசிப்பினால் வந்தது. பூர்ஷ்வா தம் ஆடைகளைத் தாமே வெட்டினார். தாராவிப் பெண்கள் தங்கள் காயங்களைத் தாங்களே தைத்தார்கள். அம்மாவோ போர்வை தைத்தார். அதைத் தன்வரலாறு ஆக்கியவள் நான். அந்தத் 'தன்' அம்மாவுடையதன்று, என்னுடையது.

நான்கு பக்கங்களை நீக்கிவிட்டேன். சமர்ப்பிக்கும் நாள் தள்ளிப்போகும். நேற்று அம்மா ஒவ்வொரு துண்டாகத் தொட்டுச் சொல்ல, எழுதிக்கொண்டேன். அரக்குநிறத் துண்டு ஒன்றைத் தொடாமலே கடந்தார். நானும் கேட்கவில்லை, அது ஆய்வேட்டில் வராது.

குடும்பத்தினரின் நினைவுகளைத் தரவாகக் கொள்ளும் ஆய்வாள நண்பர்களே, களத்தில் பெறும் ஒப்புதலை வீட்டிலும் பெறுகிறீர்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.