ஒரு தாயின் நேர்த்திக்கடன்

திங்களூர் அப்பூதியடிகளின் வரலாற்றை அறியாத சைவர் இலர். திருநாவுக்கரசு சுவாமிகளுக்கு அமுது படைப்பதற்காக வாழையிலை அரியச் சென்ற மூத்த மகனை அரவு தீண்டியது. அடியார் அமுது செய்வது தடைப்படக் கூடாதென்று பிள்ளையின் உடலை மறைத்துவைத்தனர் பெற்றோர். உண்மையறிந்த சுவாமிகள் பதிகம் பாட, பிள்ளை உயிர்பெற்று எழுந்தான். சொற்பொழிவுகளில் இக்கதை வரும்போதெல்லாம் கேட்போர் கண்கள் பனிப்பது வழக்கம்.

ஆனால் ஹரோவில் வாழும் ஒரு தாய், சில ஆண்டுகளுக்கு முன், இக்கதையின் நடுவிலே எழுந்து மண்டபத்தை விட்டு வெளியே போய்விட்டார். "பெற்றோரின் பக்தியால் பிள்ளை எழும்பினது எண்டால், எழும்பாத பிள்ளையளின்ரை பெற்றோருக்குப் பக்தி குறைவோ?" என்பதே அவர் மனத்தில் எழுந்த கேள்வி. அந்தக் கேள்வி அவருக்கு எவ்வாறு வந்தது என்பதும், அதற்கு அவர் கண்ட விடையும் பெற்றோர் அனைவரும் அறியத் தக்கவை.

அவருடைய மகனுக்கு அப்போது ஐந்து வயது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து பிள்ளை வெளிறிப்போய் இருந்தான். காலில் நோவு என்றான். விழாமலே உடம்பில் நீலத் தழும்புகள் கண்டன. சாப்பாடு போதாமையால் வந்த சோர்வு என்றே வீட்டார் நினைத்தனர். காய்ச்சல் விடாதபடியால் நோர்த்விக் பார்க் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரத்தம் சோதித்த அன்றிரவே மருத்துவர் பெற்றோரைத் தனியறையில் இருத்தி, லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்.

பொழுது விடியும் நேரத்தில் அத்தாய் சாளரத்தருகே நின்றார். தொலைவில் ஹரோ மலைமேல் உள்ள தேவாலயத்தின் கூர்ங்கோபுரம் தெரிந்தது. எந்தக் கோபுரமானாலும் கோபுரந்தானே என்று கைகூப்பினார். அவர் பிறந்த ஊர் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு. சிறுவயது முதல் கும்பிட்ட செல்வச்சந்நிதி முருகனை நினைத்து, "பிள்ளையைத் தா அப்பனே, உன்ரை வாசலிலே அவனுக்கு மொட்டை அடிக்கிறன்" என்று நேர்ந்துகொண்டார்.

சிகிச்சை கிரேட் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் மருத்துவமனையில் தொடங்கியது. 1852ஆம் ஆண்டு தொடக்கம் நோயுற்ற பிள்ளைகளைப் பார்த்துவரும் இடம் அது. முதல் நான்கு வாரம் கடுமையான மருந்துகள். அதன் முடிவில் பெரும்பாலான பிள்ளைகளின் எலும்பு மச்சையில் நோயணுக்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். ஆயினும் அத்துடன் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். ஆகவே ஆண்பிள்ளைகளுக்கு அக்காலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக மருந்து கொடுத்தார்கள்.

சில வாரங்களில் பிள்ளையின் தலைமயிர் கொத்துக்கொத்தாகத் தலையணையில் கிடந்தது. இது மருந்தின் விளைவு, பின்னர் வளரும் என்று தாதியர் முன்பே சொல்லியிருந்தனர். எனினும் தாய் இடிந்துபோனார். முருகனுக்கென்று நேர்ந்த மயிர் அல்லவா அது? கொடுப்பதாகச் சொன்ன பொருளே கையில் இல்லையே! மாமியார் அருகிலிருந்து தேற்றினார்: "முருகன் பொறுக்கேலாமல் முந்தி எடுத்துப்போட்டான், பிள்ளை. நீ அழாதை."

அக்காலத்தில் அவரை வருத்தியது நோய் மட்டுமன்று. பார்க்க வந்த ஒருவர், "முன்வினை யாரை விட்டது?" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல் பல இரவுகள் அவருடைய உறக்கத்தைக் கெடுத்தது. கருவுற்ற காலத்தில் எதை உண்டோம், எந்தக் கோயிலுக்குப் போகத் தவறினோம் என்று எண்ணி எண்ணிப் புழுங்கினார். இந்நோய் பெற்றோர் செய்த தவறினால் வருவதன்று, ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுமன்று என்று மருத்துவர் பலமுறை விளக்கவேண்டியிருந்தது.

அன்பினால் வந்த இடர்களும் உண்டு. மருந்தினால் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி குன்றியிருந்தது. தடிமனோடு வந்து கொஞ்சுவோரையும், வீட்டில் பொக்குளிப்பான் கண்டதைச் சொல்லாமல் வருவோரையும் வாசலிலே மறிக்கவேண்டியதாயிற்று. கோயில் தீர்த்தமும் பிரசாதமும் பல மாதங்கள் பிள்ளைக்குக் கொடுக்கப்படவில்லை. நெஞ்சில் பொருத்திய குழாயின் அருகே படாதவாறு நெற்றியில் மட்டும் சிறிது திருநீறு. சிலர் இதைப் பக்திக் குறைவென்று எண்ணினர். தாய்க்கும் அந்தக் கூச்சம் உள்ளே இருந்தது.

அது வெளிப்பட்டது ஒரு கந்தசஷ்டியின்போது. ஐந்து நாளும் நீர் மட்டும் அருந்தி விரதமிருந்த தாய், சூரன்போர் நாள் மாலையில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வெப்பமானி 38.4 காட்டியது. வெப்பம் 38ஐ எட்டினால், பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைக்கவேண்டும் என்பது விதி. எதிர்ப்புச் சக்தியற்ற உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். "பூசை முடியட்டும், அரைமணித்தியாலந்தானே" என்று வீட்டுக்கு வந்திருந்த ஒருவர் சொன்னார். ஒரு கணம் தயங்கிய தாய், விளக்கை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சென்றவுடனே நாளத்தின் வழியாக மருந்து ஏற்றினார்கள். நள்ளிரவில் ஒரு தாதி கொடுத்த தேநீரையும் ரொட்டித் துண்டையும் உண்டபோது விரதம் முறிந்ததே என்று கண்ணீர் வந்தது. மறுநாள் மாமியார் சொன்னார்: "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய் பார், அதுதான் உன்ரை விரதம்."

பிள்ளைக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். அது பட்டிப்பூ என்றும் நித்தியகல்யாணி என்றும் வழங்கும் செடியிலிருந்து எடுக்கப்படுவது என்று தந்தை ஒருநாள் வாசித்துச் சொன்னார். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து, ஊரில் வேலியோரத்தில் கேட்பாரற்றுப் பூக்கும் செடி அது. தமிழ்நாட்டில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வதுண்டு. பெருந்தொகையான இலையிலிருந்து மிகச் சிறிதளவு மருந்தே கிடைக்கும். அதை 1960களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தார்கள். (இதற்காக எவரும் இலையை அவித்துக் கொடுத்துவிடக் கூடாது, செடி நச்சுத்தன்மை உடையது.) "அந்தப் பூவை ஒருநாளும் நான் சுவாமிக்கு வைச்சதில்லை" என்றார் தாய்.

கிழமைக்கொருமுறை பிள்ளை விழுங்கிய மற்றொரு குளிசை மெத்தோட்ரெக்சேட். அதன் வழியைத் தேடினால் ஓர் இந்தியரிடம் போய்ச் சேரும். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். இளமையில் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக விரும்பினார், தாயார் இசையவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பின் அமெரிக்கா சென்றார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் உருவான அமினோப்டெரின் என்னும் மருந்தைப் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் லுக்கேமியா கண்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 பிள்ளைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் குணம் கண்டதென்று 1948இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். மெத்தோட்ரெக்சேட் அந்த மருந்தின் உடன்பிறப்பு. மகனைத் துறவுக்கு விடாத ஒரு தாயின் பிடிவாதம், எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளுக்கு மருந்தாய் முடிந்தது.

மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் அதே நோயுள்ள ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய தாய் அயர்லாந்துக்காரி. கையில் எப்போதும் செபமாலை. இரு தாய்மாரும் இரவில் ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்வர். ஒருத்தி முருகனையும் மற்றவள் மரியன்னையையும் இரு பிள்ளைகளுக்காகவும் வேண்டினர். இரண்டாம் ஆண்டில் சிறுமிக்கு நோய் திரும்பியது. அவள் பிழைக்கவில்லை.

அடக்கத்துக்குப் போய்வந்த தாயிடம், "உங்கடை பிள்ளையை முருகன் கைவிடேல்லை" என்று பலர் சொன்னார்கள். அவரால் அதற்கு ஆமென்று தலையசைக்க முடியவில்லை. தம்முடைய வேண்டுதல் கேட்கப்பட்டதென்றால் அவளுடையது ஏன் கேட்கப்படவில்லை? அந்தத் தாயின் பக்தியை அவர் தம் கண்ணாலே பார்த்தவர். அந்த நாட்களிலேதான் அப்பூதியடிகள் கதையின் நடுவில் எழுந்து வெளியேறினார்.

வீட்டில் மாமியாரிடம் சொல்லி அழுதார். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "அப்பூதியார் தண்ணிப்பந்தல் வைச்சது பிள்ளை எழும்பவேணும் எண்டோ, பிள்ளை?"

உண்மைதான். நாவுக்கரசர் பெயரால் அப்பூதியார் தண்ணீர்ப்பந்தல் அமைத்ததும் அறங்கள் செய்ததும் அரவு தீண்டுமுன்பே. வழிப்போக்கர் தாகந்தான் அவர் கண்ணில் பட்டது. கைம்மாறாக எதையும் அவர் கேட்கவில்லை. பிள்ளை எழுந்திராவிட்டாலும் அந்தப் பந்தல் பந்தல்தான், அந்த பக்தி பக்திதான். அன்றிலிருந்து தாயின் வேண்டுதல் மாறியது. "என்ரை பிள்ளையைத் தா" என்ற இடத்தில், "இண்டைக்குச் செய்யவேண்டியதைச் செய்யிற பலத்தைத் தா" என்று வேண்டினார். அதன் பிறகே அவருக்கு இரவில் உறக்கம் வந்தது.

சிகிச்சை முடிந்தது. மயிரும் கறுத்துச் சுருண்டு வளர்ந்தது. ஊருக்குப் போய் மொட்டை அடிக்கும் பேச்சு எழுந்தபோது, எட்டு வயதான மகன் தலையை இரு கையாலும் பொத்திக்கொண்டான். "அம்மா, இது இப்பதான் வந்தது. முருகனுக்கு வேறை ஏதாவது குடுப்பம்." நேர்ந்ததை மாற்றலாமா என்று தாய் கலங்கினார். மாமியாரே தீர்ப்புச் சொன்னார்: "அவன் அன்னதானக் கந்தன். மயிரைவிட அவனுக்குச் சோறு விருப்பம்."

மயிர் தப்பியது. சந்நிதியில் மகன் தன் கையாலே அடியார்களுக்குச் சோறு பரிமாறினான்.

நேர்த்தியை இவ்வாறு தீர்த்தவர் உலகில் வேறும் உளர். லெபனான் வழிவந்த அமெரிக்க நடிகர் டானி தோமஸ், வாழ வழிகாட்டினால் கோயில் கட்டுவதாகப் புனித யூதாவிடம் நேர்ந்தார். வழி கிடைத்தபின் அவர் கட்டியது, 1962இல் மெம்பிஸ் நகரில் திறந்த செயின்ட் ஜூட் சிறுவர் மருத்துவமனை. அந்நாளில் இந்நோய் கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு நான்கு பேரே பிழைத்தனர். இன்று பிரித்தானியாவில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கின்றனர்.

இலண்டனிலும் ஒரு தாய் இருந்தார். ஷெர்லி நோலன் 1974ஆம் ஆண்டு, வேறொரு கொடிய இரத்த நோயுற்ற தம் மகன் அந்தோனிக்கு மச்சை தேடி ஒரு கொடையாளர் பதிவேட்டைத் தொடங்கினார். மகனுக்குப் பொருத்தமானவர் கிடைக்கவில்லை; 1979இல் அவன் இறந்தான். தாய் பதிவேட்டை மூடவில்லை. அதனால் பின்னர் உயிர் பெற்றவர் பல்லாயிரவர். ஆசிய இனத்தவர் பதிவு குறைவாயிருப்பதால், தமிழ்ப் பிள்ளைக்கு மச்சை தேவைப்பட்டால் பொருத்தமானவர் கிடைப்பது வெள்ளையரைவிட இன்றும் அரிது. 16 முதல் 30 வயது வரையுள்ள இளைஞர் அப்பதிவேட்டில் சேரலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினாற் போதும்.

ஹரோவிலுள்ள அந்தத் தாய்க்குப் பதிவேட்டில் சேரும் வயது கடந்துவிட்டது. ஆகவே ஆண்டுக்கு மூன்று முறை இரத்தம் கொடுக்கிறார். மகனுக்கு ஏற்றிய ஒவ்வொரு பை இரத்தமும் முகந்தெரியாத யாரோ வைத்த தண்ணீர்ப்பந்தல் என்பது அவர் கருத்து. வீட்டுச் சாளரத்தில் பட்டிப்பூச் செடி ஒன்று தொட்டியில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் சுவாமி படத்துக்கு இரண்டு பூ வைப்பார். ஒன்று மகனுக்காக, மற்றது அந்தச் சிறுமிக்காக.

சென்ற முறை கோயிலில் அப்பூதியடிகள் கதை சொன்னபோது அவர் இறுதிவரை இருந்து கேட்டார். நோயுற்ற பிள்ளைகளுக்கும் அவர்கள் கட்டிலருகே விழித்திருக்கும் தாய் தந்தையர்க்கும் சந்நிதிக் கந்தன் துணை நிற்பானாக.