கழித்துப்போட்ட சத்தம்

அத்தை ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான். "நான் எங்கடா போனேன்?"

மந்தைவெளி வீட்டில் 1986-ல் ஒரு நவராத்திரி சாயங்காலம் பதிவான கேசட் அது. பாடியது அத்தையின் பாட்டு டீச்சர், இப்போது இல்லை. பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டியது அத்தை. அந்தப் பதிவில் அத்தையின் பங்கு அவ்வளவுதான், நாலு கம்பி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து நான் 'சுத்தம்' செய்ததில் டீச்சர் குரல் பளிச்சென்று வந்திருந்தது. ஹிஸ் இல்லை, ஃபேன் இரைச்சல் இல்லை. தம்பூராவும் இல்லை.

மியூசிக் அகாடமியில் டிஜிட்டல் காப்பகம் இருக்கிறது, போய் உட்கார்ந்து பெரிய வித்வான்களைக் கேட்கலாம். டீச்சர் மேடை ஏறினவர் இல்லை. அவருக்கு இந்த சி-60 மட்டும்தான்.

நான் செய்த தப்பு இது. ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷனில், பாட்டு இல்லாத ஓரிரு வினாடியை நாம் முதலில் தேர்ந்து காட்ட வேண்டும். இதுதான் இரைச்சல் என்று அது குறித்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அந்த அளவைத் தாண்டாமல் கிடப்பதையெல்லாம் அமுக்கிவிடும். பேட்டி, பேச்சுக்கெல்லாம் சரி. ஆனால் கச்சேரியில் பாடுபவர் மூச்சு வாங்கும்போதும் தம்பூரா நிற்பதில்லையே! நான் காட்டிய 2 வினாடியில் ஒலித்தது ஹிஸ்ஸும் அத்தையும். விடாமல் ஒரே மாதிரி கேட்பது எதுவோ அது குப்பை என்பது அதன் கணக்கு. நமக்கு அதுதான் சுருதி.

அதற்கப்புறம்தான் வேறு மென்பொருள் தேட ஆரம்பித்தேன். அடோபி ஆடிஷன், ஒரு காலத்தில் கூல் எடிட் ப்ரோ. 2003-ல் அடோபி வாங்கியது. இப்போது சந்தா. எப்போது முடியும் என்றே தெரியாத ஒரு பெட்டி கேசட்டுக்கு வாடகை கட்ட மனசு வரவில்லை. ஐசோடோப் ஆர்எக்ஸ் அற்புதம், ஒலியைப் படமாக விரித்து ஓர் இருமலை மட்டும் துடைத்தெடுக்கலாம். விலையைப் பார்த்து மூடிவிட்டேன். எல்பி தட்டுக்கு வாங்கலாம்னு இன்னும் ஆசை இருக்கு, ஏன்னா க்ளிக் நீக்கியைக் கொஞ்சம் கூட்டி வைத்ததும் கீறல் சத்தத்தோடு மிருதங்கச் சாப்பும் மழுங்கிப்போனது.

இதற்கிடையில் அத்தை இன்னொன்றும் சொன்னாள். "டீச்சருக்கு அஞ்சரைக் கட்டை. இது அஞ்சுதான் இருக்கு." சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தேன், சரிதான். அரைக் கட்டை இறங்க வேண்டுமென்றால் டேப் ஏறக்குறைய 6 சதவீதம் மெதுவாக ஓட வேண்டும். பிளேயரின் பெல்ட் தொய்ந்திருந்தது. மென்பொருளில் 'பிட்ச்' மட்டும் ஏற்றினால் ஸ்வரம் சரியாகும், காலப்பிரமாணம் இழுத்தபடியே இருக்கும். வேகத்தை மாற்றினால்தான் இரண்டும் சேர்ந்து வரும். அதைவிட, ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் புது பெல்ட் வாங்கிவிடலாம். வாங்கினேன். ஹெட்டின் பக்கத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியதில் மூடியிருந்த குரல் திறந்தது. அங்கே விட்டதை எந்த மென்பொருளும் பிறகு மீட்டுத் தராது.

மறுபடி முதலிலிருந்து பதிவு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு ஜிபி. அந்த மூலக் கோப்பை இனி தொடுவதில்லை, செய்வதெல்லாம் நகலில்தான்.

கடைசியில் ஆடாசிட்டியிலேயே தங்கிவிட்டேன். இலவசம் என்பது பாதிக் காரணம். மீதி, அந்த நாய்ஸ் ரிடக்‌ஷன் பெட்டியிலேயே அடியில் இருக்கும் 'ரெசிட்யூ' என்ற ஒரு பட்டன். எதை எடுத்துவிடப் போகிறதோ அதை மட்டும் தனியாகக் கேட்கலாம். முதல் தடவையே அதை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

அத்தையைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். டீச்சர் இல்லை. மழை பெய்வதுபோல் ஹிஸ், அதன் நடுவே தம்பூரா. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். வலதுகை விரல்கள் தொடைமேல் தானாக அசைய ஆரம்பித்தன. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பஞ்சமம் இறங்கியிருக்கு பாரு," என்றாள். "அதான் டீச்சர் அன்னிக்குத் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. நான் ஏதோ தூங்கறேன்னு நினைச்சுப் பாக்கறாங்கன்னுல்ல இருந்தேன்."